கூனி வளர்த்த அண்ணாச்சி

"அம்மை, எனக்கு எப்போ காவி தருவீங்க?"

குத்தாலிங்கம் இதைக் கேட்காத நாள் இல்லை. காலையில் கேட்பார். காலையில் விட்டுப்போனால் சாயங்காலம் சேர்த்துக் கேட்பார்.

 அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இருப்பார்.

குத்தாலிங்கத்துக்குத் தென்காசியில் பாத்திரக்கடை. வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மை அவரைவிட இருபது வயதாவது இளையவர். முன்பு ஏதோ கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர் என்பார்கள். இப்போது சிற்றாற்றங்கரையில் ஒரு கூடமும் நாலு அறையும் கட்டிக்கொண்டு இருந்தார். வருகிறவர்கள் அதை ஆசிரமம் என்றார்கள். அவர் வீடு என்றார்.

சீடன் மூத்தவர் என்பதால் அம்மை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணாச்சி துறவுக்கு வந்த கதை சின்னது.

ஒருநாள் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் வழக்கமாகச் சாயும் நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் புது ஃப்ரிட்ஜ் நின்றது.

"என் நாற்காலி எங்க?"

டிவி ஓடிக்கொண்டிருந்தது. மகன்கள் திரும்பவில்லை. மருமகள்கள் அடுப்படியில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ரிட்ஜ் மட்டும் ஏதோ உறுமியது.

நாற்காலி மொட்டைமாடியில் கிடந்தது. அதில் வடகம் காய்ந்தது.

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"சம்சாரம் ஒரு சாகரம், கோமதி" என்று மனைவியிடம் சொன்னார்.

"பிரஷர் மாத்திரையை எடுத்துக்கிட்டீகளா?" என்று கேட்டாள் கோமதி.

அதுவும் அவருக்கு அவமானமாக இருந்தது.

*

ஒருநாள் அவர் காவி கேட்டதும் அம்மை கீரையைக் கீழே வைத்தார்.

"வாங்க, அண்ணாச்சி."

கூடத்து ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. வெளிநாட்டுக்குக் குடிபோன யாரோ விட்டுவிட்டுப் போனது. உள்ளே கொஞ்சம் மணல், ஒரு மரக்கட்டை, தண்ணீரில் குமிழி விடும் சின்ன மோட்டார்.

"என்ன தெரியுது?"

"பாசி தெரியுது."

"நல்லாப் பாருங்க."

மூக்கு கண்ணாடியில் முட்டப் பார்த்தார். கட்டையின் மேல் ஏதோ நகர்ந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். குங்குமச் சிவப்பு. மீசை மட்டும் உடம்பைவிடப் பெரிது.

"பூச்சியா?"

"கூனி. இறால்ல இது ஒரு சாதி. இதுக்குமேல வளராது."

குத்தாலிங்கம் பின்னால் நகர்ந்தார். அவர் சைவம். அவருடைய அப்பா மீன்கடை இருக்கும் தெருவில்கூட நடக்கமாட்டார்.

"ஆசிரமத்துல இறாலா அம்மை?"

"திங்கச் சொல்லலை அண்ணாச்சி. சும்மா பாத்துக்கிடச் சொல்லுதேன்."

"பாத்துக்கிட்டா காவி தருவீங்களா?"

"பாத்துக்கிடுங்க" என்றார் அம்மை.

*

குத்தாலிங்கத்துக்குக் களிம்பேறிய பாத்திரத்தைக் கண்டால் பொறுக்காது. அது தொழில் புத்தி.

கூனிகளை ஒரு சொம்பில் பிடித்துவிட்டார். தொட்டியைக் கவிழ்த்தார். தேங்காய்நாரை வைத்துத் தேய்த்தார். கட்டையை வெயிலில் காயவைத்தார். மணலை ஏழு தண்ணீர் விட்டு அலசினார். கட்டையைத் திரும்பப் போட்டு, குழாய்த் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, கூனிகளை உள்ளே விட்டார். அன்றைக்குப் பிரசாதம் சர்க்கரைப் பொங்கல். அதிலும் ஒரு கரண்டி போட்டார், முந்திரியோடு.

தொட்டி பளபளவென்று இருந்தது. கடை வாசலில் வைத்தால் உடனே விலைபோகும்.

விடிந்ததும் ஓடிவந்தார்.

"அம்மை, செத்துப்போச்சு!"

"எல்லாமுமா?"

"கட்டைக்கு அடியில ரெண்டு மூணு ஒளிஞ்சு கெடக்கு. மத்ததெல்லாம் மல்லாந்துட்டு."

"என்ன செஞ்சீங்க?"

சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"பாத்துக்கிடத்தானே சொன்னேன்?"

"அதைத்தான் அம்மை செஞ்சேன்!"

"செஞ்சதைச் சொல்லிட்டீங்க. பாத்ததைச் சொல்லுங்க. அது எந்தப் பக்கமா நடக்கும்? எப்போ தூங்கும்? எதை எடுத்துத் திங்கும்?"

குத்தாலிங்கம் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"இனிமே நான் என்ன செய்யட்டும்?"

"உக்காருங்க" என்றார் அம்மை.

*

உட்கார்ந்தார்.

ஜெபத்தில் உட்காருவது சுலபம். கையில் மாலை இருக்கும். இங்கே கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை. மடியில் வைத்தார். அது எழுந்து தொட்டிப் பக்கம் போனது. தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கண்ணாடியில் மெல்ல மறுபடி பச்சை படர்ந்தது.

"பாசி பிடிக்குது அம்மை."

"ம்."

"அசிங்கமா இருக்கு."

"யாருக்கு?"

திரும்பிப் பார்த்தார். மிச்சமிருந்த கூனிகள் அந்தப் பச்சையின் மேல்தான் நின்றன. முன்னங்கால்களால் மாற்றி மாற்றிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தன. அரிசியில் கல் பொறுக்குகிற வேகம். தலை நிமிரவில்லை.

அன்று முழுவதும் அவரும் தலை நிமிரவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் தொட்டியடியில் ஒரு கூனி வெளுத்துக் கிடந்தது. அசைவில்லை. கண்ணுக்குக் கண், மீசைக்கு மீசை அப்படியே இருந்தது. உயிர் மட்டும் இல்லை.

 நான் ஒன்றும் செய்யவில்லையே என்று குத்தாலிங்கம் நினைத்தார். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டினார். ஒரு சிட்டிகை திருநீறு தூவி மூடினார். ஆற்றில் போய்த் தலைமுழுகினார். ஈரத் துண்டோடு வந்து தொட்டி முன்னால் நின்றார்.

எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"அம்மை, ஒண்ணு வெளுத்துச் செத்துப்போச்சு. எண்ணிப் பாத்தா ஒண்ணு குறையுது."

"செத்ததை எங்க?"

"அடக்கம் பண்ணிட்டேன்."

அம்மை சிரித்து அன்றுதான் அவர் முழுதாகப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அம்மைக்கு.

"அண்ணாச்சி, அது சட்டை. வளர வளரப் பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டுரும். நீங்க சட்டையைக் கழட்டிப் போட்டா நாங்க கருமாதியா வைக்கிறோம்?"

"அப்போ அது எங்க?"

"புதுத் தோலு பஞ்சு மாதிரி இருக்கும். இறுகுறவரைக்கும் யாரு கண்ணுலயும் படாம ஒதுங்கி இருக்கும். தேடாதீங்க. தானா வரும்."

அவர் தேடவில்லை. இரண்டு நாள் கழித்துத் தானாக வந்தது. முன்னைவிடச் சிவப்பாக இருந்தது.

*

ஆசிரமத்தில் சமையல் ஆவுடையப்பன். அவர்தான் ஒரு சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன அண்ணாச்சி, பாம்பா?"

"முட்டை!" என்றார் குத்தாலிங்கம். "வயித்துக்கு அடியில பாரு. கொத்துக்கொத்தா. சுமந்துக்கிட்டுத் திரியுதா!"

ஒரு கூனியின் அடிவயிற்றில் கடுகைவிடச் சின்னதாக மஞ்சள் மணிகள் இருந்தன. அது குட்டைக் கால்களால் அவற்றை விசிறிக்கொண்டே இருந்தது. நிற்கும்போதும் விசிறியது. தின்னும்போதும் விசிறியது.

"எப்ப தூங்குவா இவ?" என்றார் குத்தாலிங்கம் தனக்குத்தானே.

அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்கு நிம்மதி போயிற்று.

"இங்கன மிளகாய் வறுக்காதே. கமறுது."

"அண்ணாச்சி, அதுக்கு மூக்கே கெடையாது."

"ஒரு கீரை இலையை அவிச்சுத் தா. உப்புப் போடாதே. வெந்தும் வேகாம இருக்கணும்."

"துறவி ஆகப்போறவருக்கு இம்புட்டுப் பக்குவம் எதுக்கு?"

"எனக்கா கேக்கேன்? பிள்ளைத்தாச்சிக்குக் கேக்கேன்."

கீரை அவிக்க ஆவுடையப்பனுக்கு வரவில்லை என்று சொல்லி, கடைசியில் குத்தாலிங்கமே அடுப்படிக்குள் புகுந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அடுப்பைப் பற்றவைத்தார். விரலைச் சுட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

குஞ்சுகள் வந்தபோது ஆசிரமத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்தது. கண்ணாடித் துண்டுபோல ஒளி ஊடுருவும் உடம்பு. கண் மட்டும் கறுப்புப் புள்ளி. வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டினார். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி நூலில் கட்டித் தொட்டிப் பக்கமே தொங்கவிட்டார்.

"அண்ணாச்சி, இன்னைக்குக் காவி கேக்கலையே?" என்றார் அம்மை.

"அப்படியா? மறந்துட்டேன்" என்றார்.

*

கோமதி அமாவாசைக்கு அமாவாசை வருவாள். வாசலில் நிற்பாள்.

"நான் இல்லைன்னு சொல்லு" என்பார் குத்தாலிங்கம்.

ஆவுடையப்பன் போய், "அண்ணாச்சி இல்லைன்னு சொல்லச் சொன்னாரு" என்பார்.

கோமதி ஒரு தூக்குவாளியைக் கொடுத்துவிட்டுப் போவாள். உள்ளே முறுக்கு இருக்கும். முறுக்கை மட்டும் அண்ணாச்சி மறுத்ததில்லை.

ஒருநாள் அம்மை சொன்னார்: "குஞ்சுகளுக்குக் காஞ்ச வாதாமர இலை போட்டா நல்லது. ஊற ஊறக் கிள்ளித் திங்கும்."

குத்தாலிங்கம் வீட்டுக் கொல்லையில் வாதாமரம் இருந்தது. அதன் இலையைப் பெருக்கிப் பெருக்கியே கோமதிக்கு இடுப்பு ஒடிந்தது.

அந்த அமாவாசைக்கு அவரே வாசலுக்குப் போனார்.

"கோமதி, நம்ம வாதாமரத்து இலை வேணும். காஞ்சு தானா விழுந்ததா இருக்கணும்."

 மறுநாளே ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றையும் கழுவிக் காயவைத்திருந்தாள்.

"எதுக்குன்னு நான் பாக்கலாமா?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். இது ஆண், இது பெண், இவள் போன வாரம் ஈன்றவள், இவன் எப்போதும் தனியாகத் திரிவான். பேசிக்கொண்டே போனார்.

கோமதி பொறுமையாகக் கேட்டாள்.

"அம்புட்டுக்கும் நீங்களா கீரை அவிச்சுப் போடுதீக?"

"பெறகு?"

"நம்ம பிள்ளைக எதுக்காவது ஒருநாள் பால் ஆத்திக் குடுத்திருக்கீகளா?"

மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"கடையில வேலை இருந்துச்சு" என்றார் குத்தாலிங்கம்.

"ஆமா" என்றாள் கோமதி. சாக்கை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த அமாவாசைக்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. மறுபடி இல்லையென்று சொல்லச் சொன்னார். அவள் ஏதோ சொல்ல வந்தாள் என்றும், சொல்லாமலே போய்விட்டாள் என்றும் ஆவுடையப்பன் சொன்னார்.

*

"வர்ற பௌர்ணமிக்குக் காவி" என்றார் அம்மை.

குத்தாலிங்கம் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"வாங்கிக்கிட்டு?"

"வடக்க கிளம்ப வேண்டியதுதான்."

"எப்போ திரும்ப?"

"துறவிக்குத் திரும்ப ஏது அண்ணாச்சி?"

"அப்போ தொட்டி?"

"தொட்டிக்கென்ன?"

"ஒண்ணுமில்லை" என்றார்.

அன்று தொடங்கி ஆவுடையப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு கீரை, எத்தனை இலை, தண்ணீர் வற்றினால் எந்த வாளியிலிருந்து எவ்வளவு மெதுவாக ஊற்றுவது. சொன்னதைத் திரும்பச் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிச் சொன்னார்.

"அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன், "என் பொண்டாட்டி பிரசவத்துக்கு அவ ஆத்தாகூட எனக்கு இம்புட்டுச் சொல்லலை."

பௌர்ணமியன்று காலை எல்லோரும் ஆற்றங்கரையில் நின்றார்கள். கோமதியும் வந்திருந்தாள். அழவில்லை. மாற்று வேட்டி ஒன்றை மட்டும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

குத்தாலிங்கம் முங்கி எழுந்தார். அம்மை மடித்த காவித்துணியை அவர் கையில் வைத்தார்.

"நான் சொல்லச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு யாரும் இல்லை."

"எனக்கு யாரும்..."

ரோட்டில் புர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. கொசு மருந்து அடிக்கிற வண்டி. பின்னால் ஒருவன் தோளில் குழாயோடு நடந்துவந்தான். வெள்ளைப் புகை வேலியைத் தாண்டி ஆசிரமத்துப் பக்கம் சாய்ந்தது.

"எனக்கு யாரும்... அம்மை, கூடத்து ஜன்னல் தொறந்து கெடக்கு."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"பூச்சி மருந்து அம்மை! கூனிக்கு ஆகாது!"

ஓடினார்.

ஈர வேட்டி காலைக் கவ்வியது. செருப்பு கரையிலேயே கிடந்தது. அந்த உடம்பு அப்படி ஓடும் என்று யாரும் நினைத்ததில்லை. கூடத்துக்குள் பாய்ந்தார். மோட்டார் புகையை இழுத்துத் தண்ணீருக்குள் விடும் என்று தெரியும். பிடுங்கிப் போட்டார். ஒரு ஜன்னலை அறைந்து சாத்தினார். இன்னொன்றுக்குக் கொக்கி கிடையாது. புகை உள்ளே வந்துவிட்டது.

கையில் இருந்தது அந்தத் துணி ஒன்றுதான். ஈரக் கையில் அதுவும் நனைந்திருந்தது. உதறித் தொட்டியின் மேல் விரித்தார். போதவில்லை. அதன் மேல் இரண்டு கையையும் விரித்துக் கவிழ்ந்துகொண்டார்.

"அடிக்காதலே!" என்று கத்தினார். "உள்ள பிள்ளைக இருக்கு!"

மருந்து அடிப்பவன் பயந்துபோய் எந்திரத்தை நிறுத்திவிட்டான்.

*

புகை வடிந்தது.

குத்தாலிங்கம் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பெரிய கூனி வாதா இலையின் மேல் நின்று கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பொடிசுகள் கூட்டமாக மேய்ந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கோமதி வாசலில் நின்றாள்.

"பிள்ளைக நல்லா இருக்காகளா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"நம்ம பிள்ளைக?"

ஆசிரமத்துக்கு வந்த பிறகு அவர் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இருக்காக. சின்னவனுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு. போன அமாவாசைக்குச் சொல்லத்தான் வந்தேன். நீங்க இல்லைன்னு சொன்னாக."

குத்தாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். முதுகில் தண்ணீர் சொட்டியது.

"எப்படி இருக்கா?"

"சிவப்பா இருக்கா. சுருண்டு சுருண்டு படுத்துக்கிடுதா."

"தூங்குதாளா?"

"அவ தூங்குதா. அவ ஆத்தா தூங்கலை."

அம்மை உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார். அதன் மேல் கிடந்த காவியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எடுத்துக் கட்டிக்கிடுதீங்களா?"

குத்தாலிங்கம் காவியைப் பார்த்தார். கோமதியின் கையிலிருந்த வெள்ளை வேட்டியைப் பார்த்தார்.

"நனைஞ்சு கெடக்கே அம்மை" என்றார் மெதுவாக. "காஞ்ச பெறகு பாப்போமா?"

"அவசரமில்லை" என்றார் அம்மை.

*

வேட்டி மாற்றிக்கொண்டு பையோடு வந்தார்.

"அம்மை, இந்தத் தொட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"ஏன், அங்க உள்ளது பத்தாதா?"

அவர் சிரித்தார். கோமதி சிரிக்காத மாதிரி ரோட்டைப் பார்த்தாள்.

"இது இங்க வேண்டியிருக்கு" என்றார் அம்மை.

ஆசிரமத்து வாசலில் பஸ் வந்து நின்றது. இவர்கள் ஏறுவதற்குள் ஒருவர் இறங்கினார். தேய்த்த முழுக்கைச் சட்டை, கையில் சூட்கேஸ், பாக்கெட்டில் இரண்டு பேனா. நேராக அம்மையிடம் வந்தார்.

"இங்க சாமியார் யாரும்மா? நான் ரிட்டயர்டு தாசில்தார். என் வீட்டுல ஒருத்தனும் என் பேச்சைக் கேக்கிறதில்லை. எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன்."

"உள்ள வாங்க" என்றார் அம்மை.

தாசில்தார் கூடத்து வாசலில் நின்றார். ஜன்னலோரம் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன இது, இம்புட்டுப் பாசி! இதைக் கவனிக்க இங்க ஒரு ஆள் கெடையாதா? ஒரு வாளி தண்ணி கொண்டாங்க முதல்ல."

சூட்கேஸை வைத்துவிட்டு முழுக்கையை மடித்துவிட ஆரம்பித்தார்.

பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்த குத்தாலிங்கம் அந்தக் குரலைக் கேட்டதும் பையைக் கோமதியிடம் கொடுத்தார். இறங்கி விறுவிறுவென்று உள்ளே வந்தார்.  தாசில்தாரின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"யாருய்யா நீ? கையை விடுய்யா!"

"விட்டா தேய்ச்சிருவீங்க" என்றார் குத்தாலிங்கம்.